இணையப் படிவமும் அதனை வகுப்போர் கடமையும்

இக்காலத்தில் ஒருவர் கல்லூரியிற் சேர விரும்பினும், உதவித்தொகை வேண்டினும், புகைவண்டியில் இடம் பெற நினைப்பினும், பிறப்புச் சான்றிதழ் கோரினும், முதற்கண் சென்று தட்டவேண்டிய கதவு பெரும்பாலும் இணையதளமாகவே இருக்கின்றது. முன்னாளில் அலுவலக வாயிலில் ஓர் எழுத்தர் அமர்ந்திருந்தார். அவர் கடுமுகம் காட்டினும், மனுவில் ஒன்று விடுபட்டிருப்பின், இவ்விடத்தில் தந்தையார் பெயரை எழுதித் தருக என்று விரலாற் சுட்டிக் காட்டுவார். அவ்வெழுத்தர் இருந்த இடத்தில் இன்று ஒளிரும் பக்கம் ஒன்று இருக்கின்றது. அது நன்கு வகுக்கப்பட்டிருப்பின் எழுத்தரினும் இனிய துணையாகும். செவ்வனே வகுக்கப்படாதிருப்பின் ஊமைக் காவலன்போல் வழிமறித்து நிற்கும்.

இத்தகைய பக்கத்தின் முன் தடுமாறுவோர் பெரும்பாலும் தம்மையே நொந்துகொள்கின்றனர். எனக்குக் கணிப்பொறி வராது என்பர் முதியோர். நான்தான் எதையோ தவறாக அழுத்திவிட்டேன் என்பர் இளையோர். அருகில் நிற்போரும் அதனை ஆமோதிப்பர். இக்கருத்துப் பொருந்தாது என்பதே ஈண்டு யாம் கூறவந்தது. பலரும் ஒரே படியில் இடறுவாராயின், குற்றம் இடறினோர் காலில் அன்று, படியைக் கட்டினோர் கையிலேயே உளதென்பது எமது துணிபு.

இதற்குச் சான்றாக, இணையம் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னர் நிகழ்ந்த ஒன்றை எடுத்துரைப்பாம். இரண்டாம் உலகப்போரின்போது, 1943-ஆம் ஆண்டளவில், அமெரிக்கப் படையின் பி-17 என்னும் பெரிய குண்டுவீச்சு விமானங்கள் சில, பத்திரமாகத் தரையிறங்கிய பின்னர் ஓடுபாதையிலேயே வயிறு தரையில் உராயச் சாய்ந்து சேதமுற்றன. எந்திரத்திற் பழுதில்லை. விமானிகள் தாமே சக்கரங்களை உள்ளிழுக்கும் விசையை இயக்கியிருந்தனர். விமானியின் பிழை என்று எழுதிக் கோப்பை மூடுவது எளிது. ஆல்ஃபோன்ஸ் சபானிஸ் என்னும் இளம் உளநூலார் அவ்வாறு மூடவில்லை. அவர் விமானியின் இருக்கைக்குச் சென்று நோக்கினார். இறக்கைமடலை இயக்கும் விசையும் சக்கரத்தை இயக்கும் விசையும் ஒரே வடிவினவாய் அடுத்தடுத்து அமைந்திருந்தன. தரையிறங்கியவுடன் மடலை மடக்கக் கை நீட்டிய களைத்த விமானி, அடுத்திருந்த விசையைத் தொட்டுவிட்டான். அவ்விரு விசைகளும் அங்ஙனம் அருகருகே அமையாத வேறு வகை விமானங்களில் இத்தவறு நிகழவில்லை. சபானிஸ் செய்த பரிகாரம் யாதெனில், சக்கர விசையின் முனையில் சிறியதோர் இரப்பர்ச் சக்கரத்தையும், மடல் விசையின் முனையில் ஆப்பு வடிவத் துண்டொன்றையும் பொருத்தியதே. விமானிக்குப் புதிய பயிற்சி கொடுக்கவில்லை. கவனமாயிருக்கும்படி சுற்றறிக்கையும் விடுக்கவில்லை. கையே வேறுபாட்டை உணர்ந்துகொண்டது. பின்னர் 1947-ஆம் ஆண்டில் பால் ஃபிட்ஸ், ரிச்சர்டு ஜோன்ஸ் என்போர், விமானியின் பிழை எனப் பெயர் பெற்ற 460 நிகழ்ச்சிகளை ஆராய்ந்து, அவற்றுட் பல கருவிகளின் அமைப்பால் விளைந்தன என்று காட்டினர்.

இனி நம் கைப்பேசிக்கு வருவாம். உதவித்தொகை வேண்டி விண்ணப்பிக்கும் ஒரு மாணவியைக் கருதுக. அவள் ஆதார் அட்டையைக் கையில் வைத்திருக்கின்றாள். அவ்வட்டையில் பன்னிரண்டு இலக்கங்கள் நந்நான்காகப் பிரிக்கப்பெற்று, நடுவே இடைவெளியுடன் அச்சிடப்பட்டுள்ளன. மனிதக் கண் நீண்ட எண்ணைப் பிழையின்றிப் படிப்பதற்காகவே அவ்விடைவெளி விடப்பட்டது. அவள் அட்டையிற் கண்டவாறே இடைவெளி விட்டு எண்ணை எழுதுகின்றாள். உடனே பெட்டி சிவக்கின்றது. தவறான எண் என்னும் அறிவிப்புத் தோன்றுகின்றது. எண் தவறன்று, இடைவெளியைப் பொறி விரும்பவில்லை, அவ்வளவே. பெற்ற எண்ணினின்றும் இடைவெளிகளை நீக்கிக்கொள்ளுமாறு கணிப்பொறிக்குக் கட்டளையிட நிரலில் ஒரு வரி போதும். அவ்வொரு வரியை எழுதாமையால், அதனை நீக்கும் வேலை மாணவியின் தலையில் விழுகின்றது. அவள் எண்ணை மும்முறை சரிபார்க்கின்றாள்; பிறகு தன் அட்டையையே ஐயுறுகின்றாள்.

அடுத்துப் புகைப்படம். படத்தின் அளவு 20 கிலோபைட்டுக்குக் குறையாமலும் 50 கிலோபைட்டுக்கு மிகாமலும் இருத்தல் வேண்டும் என்பதுபோன்ற விதியை நம் நாட்டில் விண்ணப்பம் நிரப்பிய எவரும் மறந்திரார். இன்றைய கைப்பேசி எடுக்கும் படமோ இதனினும் பன்மடங்கு பெரிது. கிலோபைட் என்பது யாது, அதனை எங்ஙனம் குறைப்பது என்பவற்றை அறியாத மாணவி என் செய்வாள்? கடைத்தெருவிலுள்ள பிரௌசிங் சென்டருக்குச் செல்வாள். அங்கே ஒருவர் இரண்டு நிமிடத்திற் படத்தைச் சுருக்கிக் கொடுத்துக் காசு பெற்றுக்கொள்வார். அவரை யாம் குறைகூறோம். அவர் செய்வது உதவியே. ஆயின் பெரிய படத்தைப் பெற்றுத் தானே சுருக்கிக்கொள்ளும் ஆற்றல் இணையதளத்திற்கு எளிதில் அமையக்கூடியதன்றோ? கட்டணமில்லா விண்ணப்பம் என்று முகப்பில் எழுதிவிட்டு, கட்டணத்தைக் கடைத்தெருவில் செலுத்தச் செய்வது எவ்வகை நியாயம்?

லாரி டெஸ்லர் என்னும் அமெரிக்கக் கணிப்பொறி அறிஞர் ஒரு நுட்பத்தை எடுத்துக் காட்டினார். எழுத்தை வெட்டி ஒட்டும் முறையைக் கணிப்பொறியில் அமைத்தோருள் அவரும் ஒருவர், 2020-இல் மறைந்தார். எந்தச் செயலுக்கும் நீக்கவொண்ணாத சிக்கல் ஓரளவு உண்டு. அதனை அழித்தல் இயலாது, இடம் மாற்றலே இயலும். அதனைச் சுமப்பவர் பயன்படுத்துவோரா, ஆக்குவோரா என்பதொன்றே வினா என்பது அவர் கருத்தின் சாரம். இதனைக் கணக்கிட்டுப் பார்ப்பின் வியப்பு மிகும். ஒரு படிவத்தை நிரப்பும் ஓரிலக்கம் பேரும் படத்தைச் சுருக்குவதற்குப் பப்பத்து நிமிடம் செலவிடுகின்றனர் எனக் கொள்வோம். அது பத்திலக்கம் நிமிடம். ஏறக்குறைய 16,667 மணி நேரம். நாளொன்றுக்கு எட்டு மணியும் ஆண்டொன்றுக்கு முந்நூறு நாளும் உழைக்கும் ஒருவர்க்கு அது ஏழாண்டு உழைப்பாகும். அவ்வேலையை ஆக்குவோர் ஏற்றுக்கொள்வாராயின் ஒருவர்க்குச் சில நாள் உழைப்பு. இங்ஙனமிருந்தும் சுமை எளியோர் பக்கமே சாய்கின்றது. ஏனெனில், ஆக்குவோர் செலவிடும் நாளுக்கு ஊதியக் கணக்குண்டு. விண்ணப்பிப்போர் இழக்கும் நிமிடத்திற்கு எந்தப் பதிவேட்டிலும் கணக்கில்லை.

விதிகள் கண்டிப்பாக இருந்தாலன்றி ஒழுங்கு நிலவாது என்று சிலர் மறுப்பர். இலக்கக்கணக்கான மனுக்களை ஆராயும் அலுவலகத்திற்கு ஒரே சீரான தகவல் வேண்டும் என்பது உண்மையே. ஆயின் சீர்மை அலுவலகத்தின் உள்ளே வேண்டுவது. அதனை வாயிலில் நிற்போர் செய்து கொணரவேண்டுவதில்லை. நெல்லைத் தூற்றித் தூய்மை செய்யும் எந்திரம் ஆலைக்குள் இருக்கும்போது, உழவனை ஒவ்வொரு மணியாகப் பொறுக்கிவரச் சொல்வாருண்டோ?

இவ்வாறு சுமையைத் தன் தோள்மேல் ஏற்றுக்கொண்ட ஓர் அரசாங்கத்தின் முயற்சி நாம் அறியத்தக்கது. பிரிட்டனில் 2011-ஆம் ஆண்டில் அரசு டிஜிட்டல் சேவைக்கெனத் தனித்துறை நிறுவப்பெற்றது. மக்களுக்குரிய சேவைகளையும் செய்திகளையும் ஓரிடத்தில் திரட்டி, 2012-ஆம் ஆண்டு அக்டோபர் 17-ஆம் நாள் ‘கவ்.யூகே’ என்னும் இணையதளத்தை அத்துறை முறைப்படி தொடங்கிற்று. அதில் ஓடும் படங்கள் இல்லை. மின்னும் எழுத்துக்கள் இல்லை. அமைச்சர்தம் திருமுகங்கள் முகப்பை அடைத்துக்கொண்டிருக்கவில்லை. வெள்ளைப் பின்னணியில் கரிய எழுத்து, பெரிய தலைப்பு, தெளிவான இணைப்பு, இவ்வளவே. அலங்காரம் ஏதுமற்ற அத்தளத்திற்கே இலண்டன் வடிவமைப்புக் காட்சிச்சாலை 2013-இல் ஆண்டின் சிறந்த வடிவமைப்பு என்னும் பரிசை வழங்கிற்று.

அத்தளத்தார் தாம் கற்றவற்றை மறைத்துவைக்காது எவரும் எடுத்தாளும்படி வெளியிட்டிருக்கின்றனர். அவர்தம் படிவங்களிற் பெரும்பாலும் ஒரு பக்கத்திற்கு ஒரு வினாவே கேட்கப்படும். இதனால் பக்கங்கள் பெருகுமே என்று தோன்றலாம், உண்மையிற் பெருகும். ஆயினும் சிறிய கைப்பேசித் திரையில் நாற்பது பெட்டிகளை ஒருங்கே கண்டு மலைப்பதினும், ஒவ்வொன்றாக விடையளித்துச் செல்வது மனத்திற்கு எளிது; இடையில் இணைப்பு அறுந்தாலும் முன்னெழுதியதைக் காத்துவைக்க வழியுண்டு. பிறந்த நாளைக் கேட்குமிடத்து, நாட்காட்டியை விரித்து 1958-ஆம் ஆண்டுவரை பின்னோக்கித் தள்ளும்படி ஒரு முதியவரை வருத்துவதில்லை. நாள், மாதம், ஆண்டு என மூன்று சிறு பெட்டிகள் உள்ளன. தம் பிறந்த நாளை அறியாதார் யார்? எழுதிவிடலாம். எது நாள், எது மாதம் என்ற ஐயமும் எழாது. அமெரிக்கர் மாதத்தை முன்னெழுதுவர், நாம் நாளை முன்னெழுதுவோம். 04/05 என்று எழுதின் அது மே மாதமா ஏப்பிரல் மாதமா என்று யாரறிவார்?

பிழை நேர்ந்தவிடத்து அவர்கள் கையாளும் முறையே எம்மை மிகவும் கவர்ந்தது. பக்கத்தின் தலையில் பிழைகள் அனைத்தும் தொகுத்துக் காட்டப்படும். அதனைத் தொட்டால் பிழையுள்ள பெட்டிக்கே செல்லலாம். பெட்டியின் அருகிலும் அச்செய்தியே மீண்டும் இருக்கும். செய்தியிற் பழிச்சொல் இராது. விளையாட்டுச் சொல்லும் இராது. நேர்ந்தது யாது, திருத்துவது எங்ஙனம் என்பவை மட்டும் இருக்கும். நம் தளங்கள் சிலவற்றிலோ ‘செல்லாத உள்ளீடு’ என்றொரு தொடர் தோன்றுகின்றது. அது எம்மொழியென்று எமக்குப் புலப்படவில்லை. செல்லாக் காசு கேட்டிருக்கின்றோம். செல்லாத உள்ளீட்டைக் கண்ட கிழவி யாது செய்யக் கடவள்? ‘கைப்பேசி எண்ணில் பத்து இலக்கங்கள் இருக்கவேண்டும்; நீங்கள் ஒன்பது எழுதியிருக்கின்றீர்கள்’ என்றால் அவளும் திருத்திக்கொள்வாளன்றோ?

ஈண்டுத் தமிழர்க்கே உரிய ஓரிடரைச் சொல்லாமற் செல்ல மனமில்லை. தமிழ்நாட்டில் நம்முட் பெரும்பாலோர்க்குக் குடிப்பெயர் இல்லை. தந்தையார் பெயரின் முதலெழுத்தை முன்னிட்டு, நம் பெயரை எழுதுகின்றோம். பல படிவங்களோ முதற்பெயர், கடைசிப்பெயர் என இரண்டு கேட்டு, இரண்டையும் நிரப்பினாலன்றி விடுவதில்லை. முதலெழுத்தைக் கடைசிப்பெயராக இட்டால், ஓரெழுத்துப் பெயர் செல்லாது என்று தள்ளும். எழுத்தின் பின் புள்ளி வைத்தால் புள்ளி ஆகாது என்று மறுக்கும். ஆகவே ஒருவர் தந்தையார் பெயரை விரித்தெழுதுவார். மற்றொருவர் தம் பெயரையே இருமுறை எழுதுவார். மதிப்பெண் சான்றிதழில் ஒரு பெயர், கடவுச்சீட்டில் ஒரு பெயர், வங்கியில் ஒரு பெயர் என்று ஒருவரே மூவராகி, பின்னர் மூவரும் ஒருவரே என்று மெய்ப்பிக்க உறுதிமொழிப் பத்திரம் எழுதித் திரிகின்றனர். முழுப்பெயர் என்று ஒரே பெட்டி வைத்து, சான்றிதழில் உள்ளவாறு எழுதுக என்று ஒரு குறிப்பும் கொடுத்திருந்தால் இத்தொல்லை எழுந்திராது. இரு பெட்டிகளை அமைத்தவர் தீயவரல்லர். உலகத்தார் அனைவரும் தம்மைப் போலவே பெயர் வைத்துக்கொள்வர் என்று எண்ணிவிட்டார், அவ்வளவே.

எழுத்திலும் அத்தகைய மறதியே காணப்படுகின்றது. ஆங்கிலத்திற்கென அளந்த பொத்தானில் ‘சமர்ப்பிக்கவும்’ என்னும் சொல் அடங்குவதில்லை. ‘சமர்ப்பி’ என்ற அளவில் அறுபட்டு, வேண்டுகோளாக வேண்டியது அதட்டலாய் முடிகின்றது. நம் எழுத்துக்கட்கு மேலே புள்ளியும் சுழியும், கீழே உகரக் குறிகளும் உண்டாதலின் வரிகளுக்கிடையே சற்று மிகுந்த இடம் வேண்டும். அஃதில்லாத பக்கத்தில் மேல்வரியின் காலும் கீழ்வரியின் தலையும் மோதிக்கொள்ளும். மொழியைத் தெரிவுசெய்யும் இடத்திலும் தமிழ் என்பதைத் தமிழெழுத்திலேயே எழுதிவைத்தல் வேண்டும். ஆங்கிலம் அறியாதார்க்காக வைத்த கதவின்மேல் ஆங்கிலத்தில் மட்டும் பெயர் பொறித்திருப்பது நகைப்புக்கிடமாகும்.

கண்ணுக்கும் கைக்கும் உரிய விதிகள் பல முன்னரே வகுக்கப்பட்டுள்ளன. அவற்றைச் சுருங்கக் கூறுவாம். உலகளாவிய வலையின் நெறிகளை வகுக்கும் கூட்டமைப்பு 2008-இல் வெளியிட்ட அணுகுதல் நெறிமுறைகள், சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையேயுள்ள ஒளிவேறுபாடு 4.5-க்கு 1 என்னும் விகிதத்திற் குறையலாகாது என்கின்றன. வெளிர்சாம்பல் எழுத்தை வெள்ளைமேல் இடுவது இந்நாளைய நாகரிகம். உச்சிவெயிலிற் பேருந்து நிறுத்தத்தில் நின்று அதனைப் படிக்க முயல்வோர்க்கே அந்நாகரிகத்தின் அருமை தெரியும். பிழையைச் சிவப்பு நிறத்தால் மட்டும் காட்டுதல் கூடாது. சிவப்பும் பச்சையும் வேறுபடாத கண்ணுடையாரும் நம்மிடையே உளர். பெட்டிக்குள் மங்கலாக எழுதிவைத்து, தட்டத் தொடங்கியதும் மறைந்துபோகும் பெயர்க்குறிப்பை விடுத்து, பெட்டியின் மேலே நிலையாகப் பெயரிடுதல் நன்று. முன்னர்க் கூறிய ஃபிட்ஸ் என்பார் 1954-இல், ஓர் இலக்கைச் சென்று தொடுவதற்காகும் காலம் அதன் தூரத்தையும் அகலத்தையும் பொறுத்தது என்று கண்டறிந்தார். விரல்நுனியினும் சிறிய பெருக்கற் குறியை விளம்பரத்தின் மூலையில் ஒளித்துவைப்போர் இவ்விதியை அறியாதாரல்லர்; நன்கறிந்தே தலைகீழாகக் கையாளுகின்றனர்.

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டை உணர்தல் வேண்டும். தடை எல்லாம் தீயதன்று. கைப்பேசி வழியே யு.பி.ஐ. முறையிற் பணம் அனுப்புங்கால், இரகசிய எண்ணைத் தருமுன் பெறுவோர் பெயர் திரையில் தோன்றுகின்றது. அந்த ஒரு நொடித் தாமதம் பலர் பொருளைக் காக்கின்றது. ஜிமெயிலில் மடலை அனுப்பிய சில நொடிகளுக்குள் மீட்டுக்கொள்ளும் வசதி 2009-இற் சோதனையாகவும் 2015-இல் முறையாகவும் அமைந்தது. உறுதியாகவா, உறுதியாகவா என்று ஓயாது கேட்டு, பாராமலே ஆம் என்று அழுத்தும் பழக்கத்தை வளர்ப்பதினும், செய்ததை மீட்க இடம் தருதல் சாலச் சிறந்தது. இவை பயன்படுத்துவோர் நலங்கருதி வைத்த தடைகள். விற்போர் நலங்கருதி வைத்த தடைகளோ வேறு. சேர்வதற்கு ஒரு பொத்தானும் விலகுவதற்கு ஒன்பது பக்கங்களும் வைத்தல், கேளாத பொருளைக் கூடையிற் சேர்த்தல், வேண்டாம் என்பதற்குப் பதிலாக ‘எனக்குச் சேமிப்பில் விருப்பமில்லை’ என்று எழுதி நாணச் செய்தல் முதலியன அத்தகையன. இவற்றை ஹாரி பிரிக்னல் என்பவர் 2010-இல் ‘டார்க் பேட்டர்ன்’ என்று பெயரிட்டழைத்தார். இந்தியாவில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023-ஆம் ஆண்டு நவம்பரில் இத்தகைய சூழ்ச்சிகளிற் பதின்மூன்றனைப் பெயர் குறித்துத் தடுத்து நெறிமுறை வெளியிட்டது. சூழ்ச்சிக்குச் சட்டம் வந்தது நன்றே. ஆயின் அசட்டையால் வைத்த தடைக்கு இதுபோன்ற பட்டியல் எங்கே? இடறுவோர்க்கு இரண்டும் ஒன்றாகவே நோவுதருகின்றன.

நம் கல்லூரியிற் கணிப்பொறியியல் பயிலும் மாணாக்கர் பலர் நாளை இத்தகைய பக்கங்களை ஆக்கப்போகின்றவர். அவர்க்கு ஒன்று சொல்ல விரும்புகின்றோம். யாக்கோப் நீல்சன் என்னும் டேனிய அறிஞர், ஒரு தளத்தின் குறைகளுட் பெரும்பாலானவற்றைக் காண்பதற்கு ஐந்து பேரைக்கொண்டு சோதித்தால் போதும் என்று 2000-ஆம் ஆண்டில் எழுதினார். அவ்வெண்ணிக்கையைப்பற்றிப் பின்னர் வாதங்கள் எழுந்ததுண்டு. எனினும், ஒருவரைக்கொண்டும் சோதியாதிருப்பதினும் ஐவரைக்கொண்டு சோதித்தல் நன்று என்பதில் எவர்க்கும் வாதமில்லை. சோதனைக்கு ஆய்வுக்கூடம் வேண்டா. அவ்வைவரும் உம்முடன் பயிலும் தோழராயிருத்தல் ஆகாது. உமக்குத் தெரிந்ததனைத்தும் அவர்க்கும் தெரியும். விடுதியிற் சமைப்பவர், நூலகத்தில் புத்தகம் அடுக்குபவர், ஊரிலிருந்து வந்த ஒருவர் தாயார், முதலாண்டு மாணவி ஒருத்தி, கண்பார்வை குன்றியவர் ஒருவர் ஆகியோரை அழையுங்கள். பணியைச் சொல்லிவிட்டு வாய்மூடி அமர்ந்திருங்கள். இதுதான் அரிது. அவர் தவறான இடத்தைத் தொடும்போது, அங்கே இல்லை, மேலே பாருங்கள் என்று சொல்ல நாவு துடிக்கும், அடக்கிக்கொள்ளுங்கள். நாளை அவர் தனியே தம் வீட்டில் அமர்ந்து அப்பக்கத்தைத் திறக்கும்போது நீங்கள் அருகிலிருந்து சொல்லப்போவதில்லை. அவர் நின்ற இடத்தையும், முகஞ்சுளித்த இடத்தையும், தம்மைத் தாமே குறைகூறிக்கொண்ட இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கல்லூரிகளில் ஆண்டுதோறும் விழாவுக்கும் விளையாட்டுக்கும் பழைய மாணவர் கூட்டத்திற்கும் மாணாக்கரே படிவங்கள் ஆக்குவதுண்டு. அடுத்த படிவத்தை வெளியிடுவதற்கு முன்னர் ஒரு மாலைப்பொழுதை இதற்கென ஒதுக்கி, பழைய மாணவருள் எழுபது கடந்த ஒருவரை அழைத்து, அவர் கையிற் கைப்பேசியைக் கொடுத்துப் பார்க்கலாம். அவர் பெயரின் முன்னுள்ள இரண்டு முதலெழுத்துக்களையும் அவற்றின் புள்ளிகளையும் படிவம் ஏற்றுக்கொள்கின்றதா என்பதிலிருந்து சோதனையைத் தொடங்கலாம்.